மாவு, மருந்து, கம்பளி

தளபதிகளின் கடிதங்களில் போரைத் தேடிப் போகிறவருக்கு முதலில் கிடைப்பது மாவுதான். எத்தனை பீப்பாய் வந்தது, அதில் எத்தனை பூசணம் பிடித்துக் கிடந்தது, உப்புக்கண்டம் எந்தப் படகில் ஏறியது, குதிரைக்கு லாடம் அடிக்க ஆள் உண்டா, ஏரி உறைவதற்குள் கடைசிக் கப்பல் போய்ச் சேருமா என்று பக்கம் பக்கமாக ஓடும். சண்டை வருமிடத்தில் நாலு வரி இருக்கும். உடனே மறுபடி மாவு. ஜெஃப்ரி ஆம்ஹர்ஸ்ட் எழுதியவையும் அப்படிப்பட்ட கடிதங்கள்தான். 1758 முதல் 1763 வரை வட அமெரிக்காவில் பிரிட்டிஷ் படைகளை நடத்தியவர் அவர். அந்தக் கடிதங்களை விட்டு என்னால் எளிதில் நகர முடியவில்லை. அவற்றுக்குள் ஒரு குற்றம் இருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். அந்தக் குற்றம் மாவுக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு, அதே மையில், அதே நடையில் வருகிறது என்பதுதான் என்னை உலுக்குவது.

ஆம்ஹர்ஸ்ட் மோசமான நிர்வாகி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1758இல் லூயிஸ்பர்க், 1759இல் டிகாண்டரோகா, 1760 செப்டம்பர் 8இல் மாண்ட்ரியல் என்று பிரெஞ்சுக்காரர்களின் கனடாவை அவர் பிடித்தது அவசரமில்லாத, ஏற்பாடுகளால் வென்ற போர். ஒரு கோட்டையை எடுத்ததும் அடுத்ததற்குச் சாலை போடுவார், மரம் அறுக்கப் பட்டறை வைப்பார், படகு கட்டுவார். வீரர்களுக்குப் பல் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வராமலிருக்க ஸ்ப்ரூஸ் மரக்கிளையில் ஒரு பானம் காய்ச்சச் சொல்லி, அதன் பக்குவத்தைத் தன் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஏழு பவுண்டு நல்ல கிளையைப் பட்டை உரியும்வரை வேகவைக்க வேண்டும். கிளையை எடுத்துவிட்டு மூன்று காலன் கரும்புப் பாகைக் கொட்டி மறுபடி கொதிக்கவிட்டு, நுரையை எடுத்து, பால்சூட்டுக்கு ஆறியபின் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். சமையற்காரர் எழுதியது போல இருக்கிறது. ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்களின் ஈறுகளைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு படைத்தலைவர் இதற்குள் தெரிகிறார்.

மாண்ட்ரியல் விழுந்ததும் அவர் தலையில் புதிய சுமை ஒன்று ஏறியது. பேரேரிகளைச் சுற்றியும் ஓஹியோ பள்ளத்தாக்கிலும் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த கோட்டைகளில் இனி பிரிட்டிஷ் கொடி பறக்க வேண்டும். 1760 நவம்பர் கடைசியில் டெட்ராய்ட் கைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து மிச்சிலிமாக்கினாக், செயின்ட் ஜோசப், மையாமி, வியாட்டனோன். கிழக்கே பிரெஸ்க் ஐல், லெ பஃப், வெனாங்கோ. ஈரி ஏரியின் தென்கரையில் 1761இல் புதிதாகக் கட்டிய சான்டஸ்கி. கோட்டை என்றதும் நம் கண்ணில் செஞ்சியும் வேலூரும் வந்து நிற்கும். இவை அந்த வகை அல்ல. மரக்கட்டைகளை நட்டு அடைத்த வேலி, உள்ளே சில குடில்கள், கிட்டங்கி ஒன்று, ஓர் இளநிலை அதிகாரி, அவருக்குக் கீழே 15 பேர் அளவில் ஆட்கள். பல இடங்களில் அவ்வளவுதான்.

அந்த 15 பேரைச் சாப்பிட வைப்பது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்றைய பிரிட்டிஷ் சிப்பாயின் வாரப்படி ஏழு பவுண்டு மாவு அல்லது ரொட்டி, ஏழு பவுண்டு மாட்டிறைச்சி அல்லது நான்கு பவுண்டு பன்றி இறைச்சி, மூன்று பைன்ட் பட்டாணி, கொஞ்சம் வெண்ணெய், அரைப் பவுண்டு அரிசி. மாவை மட்டும் எடுத்துக்கொண்டால் 15 பேருக்கு ஒரு வருடத்துக்கு 5,460 பவுண்டு வேண்டும். மலைப்பாதையில் ஒரு பொதிக்குதிரை 150 முதல் 200 பவுண்டு வரை சுமக்கும். அப்படியானால் மாவுக்கு மட்டுமே ஏறக்குறைய முப்பது குதிரைச் சுமை. இறைச்சி, பட்டாணி, ரம், ஈயம், வெடிமருந்து எல்லாம் தனி. குதிரைக்குத் தீவனமும் வழியில் வேண்டும்.

ஏரிக் கோட்டைகளுக்கு நீர்வழி. நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றில் ஆல்பனி. அங்கிருந்து மோஹாக் ஆறு. ஒரு கட்டத்தில் படகுகளைக் கரையேற்றி நிலத்தில் இழுத்துக்கொண்டு போய் அடுத்த ஓடையில் இறக்க வேண்டும். பிறகு ஒனைடா ஏரி, ஆஸ்வீகோ, ஒன்டாரியோ ஏரி. நயாகரா அருவியைச் சுற்றி எல்லாவற்றையும் மறுபடி இறக்கி, வண்டியில் ஏற்றி, மேலே கொண்டுபோய்த் திரும்பக் கப்பலில் போட வேண்டும். அதன்பின் ஈரி ஏரியைக் கடந்தால் டெட்ராய்ட். ஃபோர்ட் பிட்டுக்குப் போகும் வழி வேறு: பிலடெல்பியா, கார்லைல், பெட்ஃபர்ட், லிகோனியர் என்று அலகேனி மலைகளைத் தாண்டும் சாலை. இன்றைய பிட்ஸ்பர்க் நகரம் அந்தக் கோட்டையைச் சுற்றி எழுந்ததுதான். டெட்ராய்டிலிருந்து கிளம்பிய ஒரு கடிதம் நியூயார்க்கைத் தொட நல்ல பருவத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிட்டால் கணக்கே கிடையாது. ஆகவே ஆம்ஹர்ஸ்ட் இட்ட எந்த உத்தரவும், அது போய்ச் சேரும் நாளில் அங்கே இல்லாத ஒரு நிலைமைக்கு எழுதப்பட்டதுதான்.

லண்டனிலிருந்து இன்னொரு நெருக்கடி வந்தது. கனடாவை வென்றுகொடுத்த ஏழாண்டுப் போர் பிரிட்டனின் தேசியக் கடனைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கியிருந்தது. செலவைக் குறை என்று மேலிடம் சொன்னது. ஆம்ஹர்ஸ்டும் குறைக்க முடிந்ததைத் தேடினார். மாவைக் குறைக்க முடியாது, ஆட்களை இதற்குமேல் குறைக்க இயலாது. பேரேட்டில் 'பூர்வகுடிகளுக்கான பரிசு' என்றொரு தலைப்பு இருந்தது. அவர் பேனா அங்கே போய் நின்றது.

இந்தப் பரிசு என்பது என்ன என்று புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த நிலத்தில் கோட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளியது ஒட்டாவா, ஒஜிப்வா, டெலவேர், ஷானி, மையாமி, செனகா மக்களின் இசைவோடுதான். ஆண்டுதோறும் கம்பளி, துணி, கத்தி, ஈயம், வெடிமருந்து கொடுத்தார்கள். துப்பாக்கி பழுதானால் கோட்டைக் கொல்லர் சரிபார்த்துக் கொடுத்தார். தூது வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. வந்தவர்களும் வெறுங்கையோடு வந்ததில்லை. நம் ஊரில் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப்போகும் சீர்த்தட்டை ஒருவர் லஞ்சம் என்று கணக்கெழுதி நிறுத்திவிட்டால் அந்த உறவு என்ன ஆகும்? ஆம்ஹர்ஸ்ட் அப்படித்தான் எழுதினார். நல்ல நடத்தையைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, ஒழுங்காக இருப்பவர்கள் வேட்டையாடிப் பிழைக்கட்டும், தப்புச் செய்தால் தண்டிக்கலாம் என்பது 1761இல் அவர், பூர்வகுடி விவகாரங்களைப் பார்த்துக்கொண்ட வில்லியம் ஜான்சனுக்கு எழுதிய கடிதங்களின் சாரம். வெடிமருந்தையும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கையில் மருந்து இல்லாதவர்கள் கலகம் செய்ய முடியாது என்பது அவர் தர்க்கம்.

கணக்குப் புத்தகத்தில் இது சரியாகத்தான் இருந்தது. காட்டில் நிலைமை வேறு. இரண்டு மூன்று தலைமுறைகளாகத் துப்பாக்கியால் வேட்டையாடிய மக்களுக்கு மருந்து இல்லை என்றால் இறைச்சி இல்லை. மான் தோலும் இல்லை. தோல் இல்லாவிட்டால் வியாபாரியிடம் துணியோ கெண்டியோ வாங்க வழியில்லை. ஜான்சன் மோஹாக் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர், அந்த மக்களின் மன்றங்களில் உட்கார்ந்து பழகியவர். இந்தச் சிக்கனம் விபரீதத்தில் முடியும் என்று அவர் எச்சரித்துக்கொண்டே இருந்தார். அவருடைய துணை அதிகாரி ஜார்ஜ் க்ரோகனும் எச்சரித்தார். 1763 மார்ச்சில் மையாமிக் கோட்டையிலிருந்த ராபர்ட் ஹோம்ஸ் என்ற இளம் அதிகாரி, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த போர்ப் பட்டை ஒன்றைக் கைப்பற்றினார். சிப்பி மணிகள் கோத்து, போருக்கு அழைப்பு விடுக்கும் பட்டை அது. அதை டெட்ராய்டிலிருந்த மேஜர் கிளாட்வினுக்கு அனுப்பிவைத்தார். செய்தி ஆம்ஹர்ஸ்டுக்கும் போனது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடிதங்களைத் தேதிவாரியாகப் படிக்கும்போது இந்த இடத்தில் கை நடுங்குகிறது. தாளின் மறுபக்கம் என்ன வரப்போகிறது என்று நமக்குத் தெரியும், எழுதுகிறவருக்குத் தெரியாது. மே 9இல் ஒட்டாவாத் தலைவர் போண்டியாக் டெட்ராய்டை முற்றுகையிட்டார். மே 16இல் சான்டஸ்கி விழுந்தது. 25இல் செயின்ட் ஜோசப். 27இல் மையாமி, பட்டையை அனுப்பி எச்சரித்த ஹோம்ஸ் அன்று கொல்லப்பட்டார். ஜூன் 1இல் வியாட்டனோன். அங்கே ரத்தம் சிந்தவில்லை. பிடிபட்ட லெப்டினன்ட் ஜென்கின்ஸ் அன்றைக்கே கிளாட்வினுக்குக் கடிதம் எழுதினார்: இதைச் செய்ய நேர்ந்ததற்கு இவர்கள் வருந்துகிறார்களாம், மற்ற இனங்களின் கட்டாயத்தால்தான் செய்தார்களாம் என்று. ஜூன் 2இல் மிச்சிலிமாக்கினாக், பந்து விளையாட்டைச் சாக்காக வைத்து நடந்த அந்தப் புகழ்பெற்ற தாக்குதல். மேற்கே ஏதோ நடக்கிறது என்று ஆம்ஹர்ஸ்டுக்கு நியூயார்க்கில் முதல் தகவல் வந்தது ஜூன் முதல் வாரத்தில். அதுவும் ஃபோர்ட் பிட் பக்கத்துச் செய்திதான். அந்த நாளில் ஐந்து கோட்டைகள் ஏற்கெனவே இல்லை. இது பெரிதாக வளராது என்றே அவர் அப்போதும் நினைத்தார். அதே மாதத்தில் வெனாங்கோ, லெ பஃப், பிரெஸ்க் ஐல் மூன்றும் போயின.

இதற்குப் பிறகு கடிதங்களின் குரல் மாறுகிறது. பதவியின் நிதானம் போய்விட்டது. கைதிகளே வேண்டாம் என்று எழுதுகிறார். போண்டியாக்கைக் கொல்கிறவனுக்கு 100 பவுண்டு என்கிறார், பிறகு 200 என்று ஏற்றுகிறார். தான் அற்பம் என்று ஒதுக்கிய மக்களிடம் தோற்ற அவமானம் ஒவ்வொரு வரியிலும் எரிகிறது. ஃபோர்ட் பிட்டை மீட்கப் போகும் படைக்குத் தலைமை ஹென்றி பூக்கே, சுவிட்சர்லாந்தில் பிறந்த கர்னல், படித்தவர், நேர்த்தியாக எழுதக்கூடியவர். ஜூலையில் அவர் கார்லைலில் இருந்தார். ஊர் முழுக்க மலையோரப் பண்ணைகளிலிருந்து ஓடிவந்த அகதிகள். அறுக்க ஆளில்லாமல் வயலில் பயிர் நிற்கிறது, வண்டி கிடைக்கவில்லை, வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது. குடும்பத்தைப் பறிகொடுத்த பெண்களும் குழந்தைகளும் தெருவில் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று அவர் எழுதிய வரிகளில் பொய் இல்லை, உண்மையான இரக்கம் இருக்கிறது.

அதே நாட்களில் அதே இருவருக்கிடையே வேறொன்றும் நடந்தது. கலகம் செய்யும் இனங்களுக்குள் பெரியம்மையை அனுப்ப ஏதாவது வழி செய்ய முடியாதா என்று ஆம்ஹர்ஸ்ட் ஒரு தனிக் குறிப்பில் கேட்டார். கம்பளிகள் மூலம் முயன்று பார்க்கிறேன், எனக்குத் தொற்றிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜூலை 13இல் பூக்கே பின்குறிப்பில் பதில் எழுதினார். வேட்டை நாய்களை ஏவலாமே என்ற யோசனையும் அதில் இருந்தது. ஜூலை 16இல் ஆம்ஹர்ஸ்ட், அதுவும் பின்குறிப்பில்தான், அப்படியே செய்யுங்கள், அந்த இனத்தையே துடைத்தழிக்கும் வேறெந்த வழியானாலும் சரி என்று ஒப்புதல் கொடுத்தார். நாய்களைக் கொண்டுவர இங்கிலாந்து வெகுதூரம் என்பதால் அந்த யோசனையை மட்டும் தள்ளிவைத்தார். தூரம், போக்குவரத்து, சாத்தியம். மாவைப் பற்றி எழுதும்போது அவர் எதையெல்லாம் எடைபோடுவாரோ, இங்கேயும் அவற்றையே எடைபோடுகிறார். செய்யலாமா என்ற கேள்வி அந்தத் தாள்களில் எங்கும் இல்லை.

ஃபோர்ட் பிட்டில் அதற்கு முன்னாலேயே காரியம் நடந்து முடிந்திருந்தது. தளபதியின் உத்தரவால் நடந்தது என்று பலர் சொல்லுவார்கள், தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. அங்கே பொறுப்பிலிருந்தவர் சிமியோன் எக்குயே, அவரும் சுவிஸ்காரர், பூக்கேவுக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதுவார். வெள்ளத்தால் சுவர் இடிந்த கோட்டைக்குள் படையினரும் அக்கம்பக்கக் குடும்பங்களுமாக 500 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். உள்ளே அம்மை பரவியிருந்தது. தூக்குப்பாலத்தின் அடியில் தனி மருத்துவக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஜூன் 24இல் டெலவேர்த் தூதர்கள் இருவர் வந்து, கோட்டையை விட்டுப் போய்விடுங்கள், பாதுகாப்பாகப் போகலாம் என்று பேசினார்கள். எக்குயே மறுத்தார். பேச்சு முடிந்து கிளம்பும்போது, வழக்கப்படி, வழிக்குக் கொஞ்சம் உணவும் குடிப்பதற்கும் கேட்டார்கள். கொடுத்தார்கள். கூடவே அம்மைக் கொட்டகையிலிருந்து எடுத்த இரண்டு கம்பளிகளையும் கைக்குட்டையையும் கொடுத்தார்கள். கோட்டையில் இருந்த வியாபாரி வில்லியம் ட்ரென்ட் அன்றைய நாட்குறிப்பில் இதை எழுதி, நினைத்த பலன் கிடைக்கும் என்று நம்புவதாகவும் சேர்த்திருக்கிறார்.

இதற்கு ஒரு ரசீது இருக்கிறது. ட்ரென்டின் வியாபார நிறுவனம் அரசுக்கு அனுப்பிய கணக்கில் வரும் ஒரு இனம் அது. பூர்வகுடிகளுக்கு அம்மையைக் கொண்டுசேர்க்க மருத்துவக் கொட்டகையில் இருந்தவர்களிடமிருந்து எடுத்த பொருட்களுக்கு ஈடு என்று காரணத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். கம்பளி இரண்டு, ஒன்று 20 ஷில்லிங் வீதம். பட்டுக் கைக்குட்டை ஒன்று, 10 ஷில்லிங். லினன் கைக்குட்டை ஒன்று, மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். மொத்தம் 2 பவுண்டு 13 ஷில்லிங் 6 பென்ஸ். பொருட்கள் மேற்சொன்ன உபயோகத்துக்கே வாங்கப்பட்டன என்று எக்குயே சான்று போட்டார். ஆம்ஹர்ஸ்டுக்குப் பின் பொறுப்பேற்ற தாமஸ் கேஜ் பணம் கொடுக்க ஒப்புதல் தந்தார்.

இரண்டு வருடமாகப் பரிசு என்ற தலைப்பை அடித்து அடித்து எழுதிய நிர்வாகம் அது. தூதர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற வழக்கத்தைத் தேவையற்ற செலவு என்று ஒதுக்கிய நிர்வாகம். அந்த வழக்கத்தின் உருவத்தில், அந்த வழக்கத்தின் மேல் எதிராளி வைத்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கம்பளி கைமாறியது. கருவூலம் மறுக்காமல் பணம் கொடுத்த பரிசு இது. நோயாளிகளின் உடைமை பறிபோகக்கூடாது, அவர்களுக்கு உரிய ஈடு போய்ச்சேர வேண்டும் என்ற நேர்மையும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அந்த நேர்மைதான் எனக்கு அதில் மிகவும் தாங்க முடியாதது.

அந்தக் கம்பளிகளால் யாருக்காவது நோய் தொற்றியதா என்று நிறுவ வழியில்லை. ஓஹியோ ஊர்களில் அம்மை ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்தது என்கிறார்கள். தூது வந்தவர்களில் ஒருவர் அதற்குப் பின்னும் உயிரோடு இருந்ததாகத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பார்க்மன் ஆம்ஹர்ஸ்டின் அந்த வரிகளை அச்சில் கொண்டுவந்த காலத்திலிருந்து வரலாற்றாசிரியர்கள் இதை விவாதிக்கிறார்கள். விவாதம் நடக்கட்டும். பலன் கிடைக்கவில்லை என்பதால் நோக்கத்தின் எடை குறைந்துவிடாது. என்னை இதைவிட அதிகம் யோசிக்க வைப்பது வேறு: நியூயார்க்கில் ஒருவர் கேட்டு, கார்லைலில் ஒருவர் ஒப்புக்கொண்ட யோசனைக்கு, அந்தக் கடிதங்கள் எழுதப்படுமுன்பே ஃபோர்ட் பிட்டில் சிலரும் வந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பதவிகளில் இருந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் அந்த எண்ணம் கிடந்திருக்கிறது. ஒரு கொடுங்கோலனைக் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டினால் நமக்கு நிம்மதியாக இருக்கும். கடிதங்கள் அந்த நிம்மதியைத் தருவதில்லை.

பூக்கேயின் படையணி லிகோனியரில் வண்டிகளை விட்டுவிட்டு, 340 குதிரைகளில் மாவேற்றிக்கொண்டு கிளம்பியது. கூட வந்த ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்களில் பலர் முந்தைய வருடம் ஹவானா முற்றுகையில் காய்ச்சலுக்கு ஆளாகி உடல் தேறாதவர்கள். ஆகஸ்ட் 5இல் புஷி ரன் என்ற இடத்துக்கு அருகே சுற்றிவளைக்கப்பட்டார்கள். மேட்டின் மேல் தண்ணீர் கிடையாது. இருட்டியதும் மாவு மூட்டைகளை இறக்கி வட்டமாக அடுக்கி, காயம்பட்டவர்களை நடுவில் கிடத்தினார்கள். மூட்டைகளில் குண்டு பாய்கிற இரவு முழுக்க, தாகத்தோடு அவர்கள் அதற்குள் கிடந்தார்கள். மறுநாள் பூக்கே பின்வாங்குவது போல் போக்குக்காட்டி, உள்ளே புகுந்தவர்களைப் பக்கவாட்டில் தாக்கி வென்றார். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 50 பேர் செத்தார்கள், 60 பேர் காயம்பட்டார்கள். குதிரைகள் பல செத்தும் சிதறியும் போனதால், யாருக்காகச் சுமந்து வந்தார்களோ அவர்களுக்குப் போய்ச் சேராமலே பெரும்பகுதி மாவை அங்கேயே அழித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 10இல் ஃபோர்ட் பிட் மீண்டது. இந்தக் கடிதக் கட்டு முழுவதிலும் மாவு எழுத்தாக இல்லாமல் பொருளாக, கனமாக என் முன்னால் வந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

டெட்ராய்டில் கிளாட்வின் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். ஏரியில் இரண்டு சிறு கப்பல்கள் இருந்தது அதற்குப் பெரிய காரணம். அக்டோபர் கடைசியில் போண்டியாக் சமாதானச் சீட்டு அனுப்பினார். அதை ஒட்டி கிளாட்வின் ஆம்ஹர்ஸ்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு யோசனை வருகிறது: இன்னும் இவர்களைத் தண்டிக்க வேண்டுமானால் அரசுக்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது, ரம் விற்பனையைத் திறந்துவிடுங்கள், நெருப்பையும் வாளையும்விட அது இவர்களை நன்றாக அழிக்கும் என்று. அரசுக்குச் செலவில்லாமல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் பசியிலும் பயத்திலும் கோட்டையைக் காத்த மனிதர், தன் தளபதிக்கு எந்த மொழி பிடிக்கும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்.

ஆம்ஹர்ஸ்ட் என்ற பெயர் நம் பக்கம் வந்தது இவருடைய தம்பி மகன் வழியாக. 1797இல் பெரியப்பாவின் பட்டத்தைப் பெற்ற வில்லியம் பிட் ஆம்ஹர்ஸ்ட்தான் 1823 முதல் 1828 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அவர் காலத்தில் முதல் பர்மியப் போர் வந்தது. சென்னை ராணுவத்தின் படைப்பிரிவுகள் பெருமளவில் ரங்கூனுக்குக் கப்பலேறின. வங்காளத்தில் பராக்பூரில், தங்கள் மூட்டைகளைச் சுமக்க மாடு கிடைக்காததால் கிளம்ப மறுத்த 47ஆவது படைப்பிரிவின் சிப்பாய்கள் மீது 1824 நவம்பர் 2இல் பீரங்கி திருப்பப்பட்டது. அதற்கு ஆணையிட்டவர் படைத்தலைவர் பாகெட். பெரியப்பா செய்ததற்குத் தம்பி மகனைப் பொறுப்பாக்க நான் இதைச் சொல்லவில்லை. மாடு எத்தனை என்ற ஒரு கணக்கிலிருந்து மனித உடல்கள் மேல் பீரங்கிவரை ஒரு பேரரசு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி என்பதால் சொல்கிறேன்.

1763 நவம்பரில் மூத்தவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார், கலகம் அடங்குமுன்பே. பிறகு பிரபு ஆனார், ஃபீல்டு மார்ஷல் ஆனார். அமெரிக்காவில் ஓர் ஊரும் அந்த ஊரின் வழியாக ஒரு புகழ்பெற்ற கல்லூரியும் அவர் பெயரைத் தாங்குகின்றன. கல்லூரி 2016இல் அவர் உருவத்தை அடையாளச் சின்னமாகப் பயன்படுத்துவதைக் கைவிட்டது. மாண்ட்ரியலில் அவர் பெயரிலிருந்த தெரு 2019இல் அட்டாட்டெக்கன் தெரு என்று மோஹாக் மொழிப் பெயர் பெற்றது. இரண்டும் சரியான காரியங்கள் என்றே நினைக்கிறேன்.

இத்தனை கடிதங்களிலும் ஒரு தரப்பின் கையெழுத்துதான் இருக்கிறது. போண்டியாக்கின் சீட்டை விட்டால் ஒரே ஒரு காகிதம் விலக்கு. வெனாங்கோவைப் பிடித்த செனகாக்கள், அங்கிருந்த லெப்டினன்ட் பிரான்சிஸ் கார்டனைக் கொல்வதற்கு முன் உட்கார வைத்து, தாங்கள் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்கள். ஏன் போருக்கு எழுந்தோம் என்ற காரணங்கள். கார்டனின் முடிவு கொடூரமானது. அங்கே உட்கார்ந்து அவர் எழுதியிருக்கக்கூடிய நிலையை எண்ணாமல் இதைப் படிக்க முடியாது. எழுதப்பட்டதன் சாரம் ஆங்கிலேயர் கைக்கு வந்து சேர்ந்தது. குறைகள் இரண்டு. ஒன்று, இரண்டு வருடமாக வெடிமருந்து கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கொள்ளை விலை, ஒரு சிறு அளவைக்கு இரண்டு மான்தோல் கேட்கிறார்கள், முறையிட்டால் அவமானப்படுத்துகிறார்கள். இரண்டு, ஆங்கிலேயர் கோட்டைமேல் கோட்டையாகக் கட்டுவதைப் பார்த்தால் நிலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிகிறது. ஜான்சன் இரண்டு வருடம் பணிவான நடையில் எழுதியதும் இதுதான்.

முதல் குறை 1764 கோடையில் ஓரளவு தீர்ந்தது. நயாகராவில் ஜான்சன் கூட்டிய மன்றத்துக்கு 20க்கும் மேற்பட்ட இனங்களிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் வந்தார்கள். கம்பளியும் துணியும் மருந்தும் மறுபடி கைமாறின. கேஜ் அதற்குத் தடை சொல்லவில்லை. 1766 ஜூலையில் ஆஸ்வீகோவில் போண்டியாக்கும் வந்து ஜான்சனோடு சமாதானம் செய்துகொண்டார். இரண்டாவது குறைக்கும் பாதிப் பதில் கிடைத்தது. மிச்சிலிமாக்கினாக்குக்குப் படை திரும்பியது, விழுந்த சிறு கோட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு யாரையும் அனுப்பவில்லை. அப்பலேச்சிய மலைகளுக்கு மேற்கே யாரும் குடியேறக்கூடாது என்று 1763 அக்டோபர் 7இல் அரசர் பெயரால் அறிவிப்பும் வந்திருந்தது. குடியேறிகள் அதை மதிக்கவில்லை. 1768இல் ஃபோர்ட் ஸ்டான்விக்ஸில் நடந்த உடன்படிக்கையில் அந்த எல்லையை ஓஹியோ ஆறுவரை மேற்கே நகர்த்தி வைத்தவர், ஆம்ஹர்ஸ்டை அத்தனை முறை எச்சரித்த அதே ஜான்சன்.